ஒரு மூடி ஆயில்

“வண்டியை வித்துடப் போறேன். நீ வீட்டோட கிட!”

வாகாடூகு நகரில் மெக்கானிக் புக்காரியின் கடை வாசலில், தெருவே கேட்கும்படி ரஸ்மானே கத்தினான். அவன் மனைவி ஸெனபு தினமும் தக்காளிக் கூடையோடு சந்தைக்குப் போகும் மொபெட், இந்த வாரம் மூன்றாவது முறையாக நடுரோட்டில் புகை கக்கி நின்றுவிட்டது.

புக்காரி பிளக்கைக் கழற்றினான். கன்னங்கரேலென்று எண்ணெயில் ஊறியிருந்தது. ஏர் ஃபில்டரில் குறையில்லை. டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைப் பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தான்.

“அக்கா, இதுல ஆயில் ரெண்டு மடங்கு இருக்கு. எவ்வளவு ஊத்துறீங்க?”

“தினம் ஒரு லிட்டர் பெட்ரோல், ஒரு மூடி ஆயில். நாலு வருஷமா அதே அளவுதான்.”

“பொய்!” என்றான் ரஸ்மானே. “குழம்புக்கு ஊத்துற மாதிரி ஊத்தியிருப்பா.”

“நாலு பேர் முன்னாடி என்ன பேச்சு பேசுறீங்க? நான் ஒரு நாளாவது அளவு தப்பியிருக்கேனா?”

“ஆமா, உன்னை நம்பினா எஞ்சின் உருப்படுமா? பக்கத்து வீட்டுக்காரன் வண்டி ஆயில் இல்லாம ஜாம் ஆச்சே, அன்னையிலேருந்து தினம் காலையில நானே ஒரு மூடி ஊத்திட்டுத்தான் உன்னை அனுப்புறேன்!”

புக்காரி ஸ்பானரைக் கீழே வைத்தான். தான் சொன்னது ரஸ்மானேவுக்கு அப்போதுதான் உறைத்தது.

புக்காரி டேங்கைக் கழுவி, புதுப் பெட்ரோல் ஊற்றி, பிளக்கை மாற்றினான். ஸெனபு வண்டியைக் கிளப்பினாள். ரஸ்மானே பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

“இறங்கு,” என்றாள்.

இறங்கினான். சைலன்சரில் மிச்சமிருந்த புகை மொத்தமும் அவன் முகத்தில் அடித்தது.