மதலைமுத்துவின் அலமாரி

“ஆன்ட்டி, இந்த ஹேர் டிரையரையும் சேர்த்துக் குடுத்துடுவீங்க இல்ல?”

கேட்டவன் அனிருத் என்ற தாடிக்கார இளைஞன். குருகிராமில் புதிதாகக் கஃபே திறக்கப் போகிறானாம். சுவரில் மாட்டப் பழைய சாமான் வேண்டுமாம். அவன் கையில் இருந்தது ஹேர் டிரையரே அல்ல. கார் இன்ஜினில் தீப்பொறி சரியான நேரத்தில் விழுகிறதா என்று வெளிச்சம் அடித்துப் பார்க்கும் டைமிங் லைட். பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும்.

ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்த மதலைமுத்துவுக்கு வயிறு எரிந்தது.

“எல்லாத்தையும் எடுத்துக்கங்க தம்பி,” என்றாள் ரூபி. “தூசி தட்டி எனக்கு மாளல. இனிமே யாருக்கு இதெல்லாம்?”

யாருக்கா? மதலைமுத்து மனைவியை முறைத்தார். அவள் திரும்பவே இல்லை.

சொந்தமாக ஒரு ஸ்கூட்டர்கூட வாங்காத மனிதர் அவர். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் ஃபைல் புரட்டி ஓய்வு பெற்றவர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலிலிருந்து நேரே மாயாபுரி பழைய இரும்புக் கடைகளுக்குத்தான் ஓடுவார். ஒர்க் ஷாப்புகளில் கார்களைச் சோதிக்கும் பழங்காலக் கருவி எது கண்ணில் பட்டாலும் தூக்கி வந்து, துடைத்து, ரூபியின் வேலைக்குக் கிடைத்த கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸின் இந்த இரும்பு அலமாரியில் அடுக்குவார். நகையைக்கூட யாரும் அத்தனை பத்திரமாக வைக்கமாட்டார்கள்.

வைத்தால் மட்டும் போதுமா? சிலிண்டர் போட வரும் பையா உட்பட, வீட்டுக்கு யார் வந்தாலும் ஒவ்வொரு கருவியின் பூர்வோத்தரத்தையும் கேட்டுவிட்டுத்தான் படியிறங்க முடியும். “கொஞ்சம் வாயை மூடுங்களேன், அவரு வேலையைப் பார்க்க வேணாமா?” என்று ரூபி சலித்துக்கொண்ட நாட்கள் அநேகம்.

அந்த வாய்தான் போன குளிர்காலத்தில் வந்த பக்கவாதத்தில் அடைத்துப் போனது. கை கால் தேறிவிட்டது, பேச்சு வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு பெண் பூனைப் படத்தைக் காட்டி, “இது என்ன, சொல்லுங்க அங்கிள்” என்று கேட்டதும் படத்தைத் தட்டிவிட்டு வந்தவர், பிறகு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. வீட்டிலும் ரூபி எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். பாதிப் பாதியாகக் குழறுவதைவிடச் சும்மா இருப்பதே மேல் என்று அவருக்கு ரோஷம்.

அதற்காக, மனிதன் உயிரோடு இருக்கும்போதே அலமாரியைக் காலி செய்வதா?

“யே க்யா ஹை? பிபி மெஷினா?” இன்ஜின் இழுக்கும் காற்றை அளக்கும் வேக்குவம் கேஜை எடுத்துத் தன் கையில் சுற்றிப் பார்த்தான் அனிருத்.

“இருக்கும் தம்பி.”

இருக்குமா? இத்தனை வருஷம் நர்ஸாக இருப்பவளுக்கு பிபி மெஷின் எது என்று தெரியாதா? மதலைமுத்து நாற்காலிக் கையைப் படபடவென்று தட்டினார்.

“சும்மா தட்டினா எனக்கு என்னங்க புரியும்?” என்றாள் ரூபி, அலமாரியைப் பார்த்தபடியே.

அவர் உதடு துடித்தது. சத்தம் வரவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு கல்நெஞ்சக்காரியோடா இத்தனை காலம் குடும்பம் நடத்தினோம் என்று மனது விட்டுப் போயிற்று.

“எல்லாத்துக்கும் கோல்டு ஸ்ப்ரே அடிச்சிடுவேன் ஆன்ட்டி. மஸ்தா இருக்கும்.” சொல்லிக்கொண்டே மேல்தட்டிலிருந்த துணிச் சுருளை உருவினான் அனிருத். உள்ளே இருந்தது, கல்யாணமான புதிதில் ரூபியே உடைந்த இந்தியில் பேரம் பேசி வாங்கித் தந்த, இன்ஜினுக்குள் அழுத்தத்தை அளக்கும் கருவி. அவர் சேகரிப்பின் முதல் பிள்ளை.

“அரே, சைக்கிள் பம்ப்பு! இதை டாய்லெட் கதவுல மாட்டிடலாம்.”

“டே... டேய்!”

ரூபி விருட்டென்று திரும்பினாள். மதலைமுத்து எழுந்து நின்றிருந்தார். முகம் சிவந்து கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது.

“பம்ப்பு... இல்லடா! கே... கேஜு! கம்... கம்ப்ரஷன் கேஜு! வைடா... கீழ வைடா, மடையா!”

ரூபி ஓடி வந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள். “குடுக்கலைங்க. ஒண்ணையும் குடுக்கல. இன்னொரு தடவை திட்டுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்,” என்று சிரிப்பும் அழுகையுமாகத் தேம்பினாள்.

“மடையன்,” என்றார் மதலைமுத்து. இந்தத் தடவை தெளிவாகவே வந்தது.

திட்டு வாங்கியவனுக்குக் கோபமே வரவில்லை. கேஜைப் பதமாகத் துணியில் சுற்றி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வெளியேறினான். ரூபி பின்னாலேயே வெளியே வந்து கதவைச் சாத்தினாள். படிக்கட்டில் நின்று அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“அச்சா, அழாதீங்க சிஸ்டர்,” என்றான் அவள் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அனிருத். “நாளைக்கு எந்த மெஷினைத் தப்பாச் சொல்லணும்?”