கல்யாண முருங்கை

“இது என்ன மரம், ஆசாரி?”

குருசுக்குப்பத்து மீனவர் பஞ்சாயத்தின் தலைவர், நாட்டார் காத்தவராயன், உடைந்த கத்திப் பிடி ஒன்றைக் கிருஷ்ணசாமி ஆசாரியின் முன்னால் மணலில் போட்டார். கடலுக்குப் போன அம்மாவாசை என்ற இளைஞனின் பிணத்தை நேற்றுக் கரைக்கு இழுத்தபோது அவன் கைக்குள் இருந்தது அது.

ஆசாரி அதைக் குனிந்து எடுக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே அவருக்குத் தெரிந்தது.

“கல்யாண முருங்கை. லேசான, மெத்து மரம்.”

“அவன் உன்கிட்ட கேட்டது?”

“தோதகத்தி. கறுப்பு ஈட்டி.”

கூட்டம் சலசலத்தது. கட்டுமரத்தில் அம்மாவாசையோடு போயிருந்த பலராமன் முன்னால் வந்தான்.

“மரம் பாக்கப் போனப்ப நானும் கூட இருந்தேன், நாட்டாரே. பூவரசு, புளி, கருவேலம், தோதகத்தின்னு நாலு துண்டு எடுத்து வெச்சாரு. மடக்குக் கத்திக்குப் பிடி மெல்லிசாத்தான் இருக்கும், மட்டமான மரம்னா நடுவுல பொளந்துடும்னு இவரேதான் சொன்னாரு. புளி உப்புக் காத்துல வெடிக்கும், தோதகத்தின்னா உன் ஆயுசுக்கும் வரும்னாரு. அம்மாவாசை தட்டிப் பாத்து, மோந்து பாத்து, அதைத்தான் எடுத்துக் குடுத்தான்.”

“நேத்து நடந்ததைச் சொல்லு.”

“வலை விடறப்ப கயிறு அவன் கால்ல சுத்திக்கிச்சு. வலையில கட்டுன கல்லு அவனைத் தண்ணிக்குள்ள இழுக்குது. ஒரு கையால கட்டுமரத்தைப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால கயித்த அறுத்தான். பாதி அறுந்துடுச்சு. அதுக்குள்ள பிடி பொளந்து, அலகு தண்ணிக்குள்ள போயிடுச்சு. நான் கட்டுமரத்தோட அந்தக் கடைசியிலருந்து தாவி வர்றதுக்குள்ள...”



நாட்டார் பிடியை எடுத்துக் கூட்டத்துக்குக் காட்டினார். “சாயம் ஏத்திக் கறுப்பாக்கியிருக்கான். லேசா இருக்கறது காட்டிக் குடுத்துடும்னு உள்ள ஈயத்துண்டு வெச்சிருக்கான். ஏன் ஆசாரி இப்படிப் பண்ண?”

ஆசாரி ஒருமுறை பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

“அந்தத் தோதகத்தியை வேற எவனுக்காவது வித்துட்டியா?”

“அப்படித்தான் வெச்சுக்குங்க.”

செத்தவனின் அக்கா பார்வதி ஒரு கை மணலை அள்ளி அவர் முகத்தில் எறிந்தாள். “என் தம்பி உன்னை நம்பித்தானேய்யா வந்தான். நீ நல்லா இருப்பியா?”

அவள் புருஷன்தான் அவளைப் பிடித்து நிறுத்தினான். ஆசாரி கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் அவருக்குச் சின்னதாய் ஒரு பட்டறை. ஒரு காலத்தில் கப்பலில் வரும் மாலுமிகள் விசாரித்துக்கொண்டு வந்து கத்தி வாங்கிப் போனார்கள். வெள்ளைக்காரர்கள் போன பிறகு அவருக்கு மிஞ்சிய வாடிக்கை இந்தக் குப்பமும், பிள்ளைச்சாவடி வரைக்கும் இருக்கிற மற்றக் குப்பங்களும்தான்.

நாட்டார் தீர்ப்பைச் சொன்னார்.

“இனிமே இங்க ஒருத்தரும் உன்கிட்ட ஒரு ஊசி கூட வாங்க மாட்டாங்க. மத்த குப்பத்துக்கும் ஆள் அனுப்பிச் சொல்லிடுவோம். போறதுக்கு முன்னால பெத்தவ கால்ல விழுந்துட்டுப் போ.”

அம்மாவாசையின் அம்மா சின்னப்பாப்பா பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து அவள் ஒரு சொல் பேசவில்லை, அழவும் இல்லை. அறுபது வயது ஆசாரி மணலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தபோது, அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“பாத்தீங்களா, அவ காலைத் தொடக்கூட விடல” என்றாள் யாரோ ஒருத்தி.

ஆசாரி எழுந்து, தலையில் மணலோடு நடந்தார். வழிவிட்டவர்களில் இரண்டு பேர் காறித் துப்பினார்கள்.

கடலோரமாகப் பட்டறைக்குப் பாதி தூரம் போயிருப்பார். பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டுத் திரும்பினார். சின்னப்பாப்பா ஓடி வந்துகொண்டிருந்தாள்.

“ஏன் ஆசாரியாரே சொல்லல?”

“வீட்டுக்குப் போம்மா.”

“நான்தானே உங்க பட்டறைக்கு வந்து கெஞ்சினேன். அக்காளை அடிக்கிறானேன்னு அவ புருஷனைக் குத்தறதுக்குத்தான் என் புள்ள கத்தி செய்யச் சொல்லியிருக்கான், குத்துனா ஒடையற மாதிரி ஒரு மரத்துல போட்டுக் குடுங்கன்னு நான்தானே அழுதேன். நீங்க மாட்டேன்னுதான் சொன்னீங்க. நான்தானே விடல.”

“கேட்டது நீ. போட்டது என் கை. உசிரைக் காப்பாத்த அதே கத்தியை எடுப்பான்னு எனக்குத் தோணியிருக்கணும். தோணல.”

“என் புள்ளையைக் கொன்னது நான். இப்பவே போய் எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன்.”

அவள் திரும்பினாள். ஆசாரி ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

“சொல்லாதம்மா. நீ அவ புருஷனைக் காப்பாத்தப் போய்த்தான் தம்பி செத்தான்னு தெரிஞ்சா, பார்வதி அந்தத் தாலியைக் கழுத்துல வெச்சிருக்க மாட்டா, உன் மொகத்துலயும் முழிக்க மாட்டா. உனக்கு மிச்சம் இருக்கறது அவ ஒருத்திதான்.”