ஞாயிற்றுக்கிழமைதான்

"டெல்பின், புது வெர்ஷனை இன்னிக்கே கிளவுட்ல ஏத்திடுங்க. ஒரு பட்டனைத் தட்டுற வேலைதானே?" சென்னையிலிருந்து போனில் அவசரப்படுத்தினார் புது மேனேஜர் ரகுநாதன்.

தருவைகுளத்து வீட்டில் லேப்டாப்பை மூடி வைத்தாள் டெல்பின். "இன்னைக்கு மாட்டேன் சார். ஞாயித்துக்கிழமதான்."

"ஊரே லீவுல இருக்கிற நாள்ல எவனாவது டெப்ளாய் பண்ணுவானா? ஏதாச்சும் சொதப்பினா உதவிக்கு ஒரு ஆள் கிடைக்க மாட்டான்."

"எங்க வீட்டுக்காரரு அன்னைக்குத்தான் சார் வீட்ல இருப்பாரு."

"ஓஹோ, அவரும் சாஃப்ட்வேரா?"

"இல்ல சார்."

"அப்புறம் அவர் எதுக்கு? உங்களால முடியாதுன்னா வேற ஆளை வச்சு நானே ஏத்திக்கறேன்."

"அதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுக்கிடுங்க." டெல்பினின் குரல் இறங்கவில்லை. "இப்ப எங்க ஊரு போட்டெல்லாம் கடல்லதான் கெடக்கு. இலங்கை எல்லைகிட்ட போனா நம்ம ஆப்தான் மணியடிச்சுச் சொல்லணும். புது வெர்ஷன்ல அது அடிக்கலன்னா, அந்த நாட்டு நேவிக்காரன் பிடிச்சிட்டுப் போயிருவான். அதுல ஒரு போட்ல எங்க வீட்டுக்காரரும் இருக்காரு. வாரத்துல ஞாயித்துக்கிழம ஒருநாதான் இங்க யாரும் கடலுக்குப் போக மாட்டாவ."

மறுமுனையில் ரகுநாதன் காலண்டரைப் புரட்டினார்.

"ஞாயிறு எத்தனை மணிக்கு?"

"சர்ச்சுல பூசை முடிஞ்சதும் சார்."