கரடி உட்கார்ந்த இடம்

மொட்டையாகக் கிடந்த மலைச்சரிவில் ஒரு விதைப்பந்து வந்து விழுந்தது. காடு காக்கும் சங்கத்தார் சித்திரை வெயிலில் பேனர் பிடித்து, போட்டோ எடுத்துக்கொண்டே எறிந்த பந்து அது. களிமண்ணை அழுத்தி அழுத்தி உருட்டியதில் கூழாங்கல் மாதிரி இறுகிப்போயிருந்தது.

அந்தப் பக்கமாக ஒரு கரடி அவசரமாக வந்தது. முந்தின நாள் சரக்கொன்றைக் காயை வயிறு முட்டத் தின்றிருந்தது.

"தள்ளிப் போ. இங்கே காடு வரப்போகுது" என்றது பந்து.

"எனக்கு வேற ஒண்ணு வரப்போகுது" என்று கரடி அங்கேயே உட்கார்ந்தது.

"சீ, அசிங்கம். என்னை உருட்ட நானூறு பேர் வந்தாங்க, தெரியுமா?"

"இதுக்கு நான் ஒருத்தனே போதும்."

மழை வந்தது. பந்து கரையவில்லை. கரடி விட்டையிலிருந்து பன்னிரண்டு கொன்றைக் கன்றுகள் முளைத்தன.

அடுத்த வருஷம் வந்த சங்கத்தார், தங்கள் பந்துதான் முளைத்துவிட்டது என்று பூரித்துப்போனார்கள். சரிவைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, விலங்குகள் நுழையக் கூடாது என்று போர்டும் வைத்தார்கள்.

கரடி மறுபடியும் அவசரமாக வந்து வேலியருகே நின்றது.

"பார்த்தியா, உள்ளே வர முடியாது" என்றது பந்து, இன்னும் உருண்டையாகவே.

"முடியாட்டிப் போகுது. காட்டுல இதுக்கா இடமில்ல?" என்று கரடி எதிர்ச்சரிவுக்குப் போனது.

பத்து வருஷத்தில் எதிர்ச்சரிவு முழுக்க மஞ்சளாகப் பூத்துக் குலுங்கியது. வேலிக்குள் அதே பன்னிரண்டு மரம்தான். போர்டுக்கு மட்டும் வருஷா வருஷம் புதுப் பெயின்ட் அடிக்கிறார்கள்.