பேர் எழுதாத தாள்

"இந்த ஒரு தாள்ல மட்டும் பேரே இல்லீங்களே?" என்றார் கிருபாசங்கர்.

முதலாளி பாலுசாமி எட்டிப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்ததுமே யாருடைய வேலை என்று தெரிந்துவிட்டது. வெங்கடலட்சுமியை வரச் சொன்னார்.

பீளமேட்டில் வீட்டை ஒட்டியே இருக்கிற அவருடைய கிரைண்டர் கம்பெனிக்கு ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் வேண்டியிருந்தது. அது வந்தால் சிங்கப்பூருக்குச் சரக்கு அனுப்பலாம். அதற்குத்தான் சென்னையிலிருந்து தணிக்கைக்கு வந்திருந்தார் கிருபாசங்கர். புது மாடலை வீடுகளில் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கருத்துக் கேட்கிறார்களே, அந்த முறையைத்தான் காலையிலிருந்து துருவிக்கொண்டிருந்தார். யார் கேட்கிறார்கள், யாரிடம் கேட்கிறார்கள், சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறார்களா?

விற்பனை ஆட்கள் கொண்டுவந்த தாள்களில், சென்னிமலை முதல் தாராபுரம் வரை எல்லா வீடும் 'நன்றாக உள்ளது' என்றே சொல்லியிருந்தது. யாரைக் கேட்டீர்கள் என்று விசாரித்தார். வாசலில் டீ குடித்துக்கொண்டே வீட்டு ஆம்பளைகளைக் கேட்டதாகத் தெரிந்தது. அதையும் குறித்துக்கொண்டார்.

வெங்கடலட்சுமி அடுப்படி வரை போய்ப் பெண்களைக் கேட்கிறவள். அவள் தாள்களில் குறைகள் இருந்தன. அதில் பேர் இல்லாத தாளில் இருந்ததுதான் பெரிசு. கிரைண்டரைச் சாய்த்து மாவை வழிக்கும்போது லாக் விட்டுவிடுகிறது. டிரம் தானாகத் திரும்பி விரலை நசுக்குகிறது.

அவள் வந்து நின்றதும் பாலுசாமி கேட்டார்.

"இது யாரு ஊடு அம்மணி?"

"சொல்ல மாட்டேனுங்க."

பாலுசாமிக்குச் சிரிப்புத்தான் வந்தது. போன வாரம் இஞ்சினீயர் சாய்த்துப் பார்த்தபோது விடாத லாக், உனக்கு மட்டும் எப்படி விடுகிறது என்றார். எதிர்க் கம்பெனிக்காரன் ஏதாவது சொல்லிக் கொடுத்தானா என்றும் கேட்டார். அதற்கும் அவள் அசையவில்லை.

கிருபாசங்கர் பொறுமையாகவே எடுத்துச் சொன்னார். பேர் இல்லாவிட்டால் அவளே இட்டுக்கட்டியதாகத்தான் எழுத வேண்டிவரும். பேரைச் சொன்னால் போய் விசாரிக்கலாம். இல்லையென்றால் இந்தத் தாளையே தள்ளிவிட வேண்டியதுதான்.

"பேரு வெளிய வராதுன்னு சொன்னதுக்கு அப்புறந்தானுங்க அவங்க வாயையே தொறந்தாங்க," என்றாள் வெங்கடலட்சுமி. "இப்பப் போய் நான் சொல்லிப்போட்டா, நாளைக்கு எந்த ஊட்டு அடுப்படியில என்னை நம்பிப் பேசுவாங்க?"

"நாளைக்கு நீ எந்த ஊட்டுக்கும் போக வேண்டாம்," என்றார் பாலுசாமி. "பேரைச் சொல்லு. இல்லீன்னா இன்னியோட நின்னுக்க."

"நின்னுக்கறேனுங்க."

பாலுசாமி இதை எதிர்பார்க்கவில்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த ஒரு வேலையை நம்பி இருக்கிறவள் கெஞ்சுவாள் என்று நினைத்திருந்தார். அவள் கம்பெனி கொடுத்த தோள்பையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"வேலை உங்களுதுங்க, எடுத்துக்குங்க. பேரு என்னுது இல்லீங்க, நான் எப்படிக் குடுக்கறது?"

கிருபாசங்கர் அந்தத் தாளை அடிக்கப் பேனா மூடியைத் திருகினார்.

"அடிச்சுப்போடாதீங்க."

கதவருகே காபித் தட்டோடு ஓர் அம்மாள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, காபியில் ஆடை படிந்திருந்தது. வெங்கடலட்சுமி பதறிப்போய், வேண்டாம் என்று தலையாட்டினாள். பாலுசாமி, "நீ எதுக்கு இங்க வந்தே, உள்ள போ," என்றார்.

அந்த அம்மாள் போகவில்லை. ஒற்றைக் கையால் தட்டை இறக்கி வைத்தாள். முந்தானைக்குள் இருந்த இன்னொரு கையை வெளியே எடுத்து, தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு விரல்களில் துணி சுற்றியிருந்தது. மூன்றாவதில் நகம் கறுத்துக் கிடந்தது.

"ஏனுங்க, அந்தப் புள்ளைய எதுக்கு வெரட்டறீங்க? சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனது நானு," என்றாள். பிறகு கிருபாசங்கர் பக்கம் திரும்பினாள். "பேருதானுங்களே வேணும்? எழுதிக்குங்க. சாமியாத்தாள்."

யாரோ சமையலுக்கு இருக்கிற அம்மாள் என்று நினைத்த கிருபாசங்கர் எழுதினார். பழக்கத்தில் பேனா அடுத்த கட்டத்துக்குப் போனது.

"வீட்டுக்காரர் பேருங்க?"

சாமியாத்தாள் கொஞ்சம் தயங்கினாள். தாலி கட்டிய நாளிலிருந்து புருஷன் பேரை வாயால் சொல்லாதவள். கோயில் அர்ச்சனைக்குக்கூடப் பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்வாள்.

நிமிர்ந்து, முதலாளி நாற்காலியை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"பாலுசாமி."