பெயர்கள் போகும் வழி

"தளத்தோட நம்பரைப் போட்டா போகுதுக்கா. பேரைப் போட்டாத்தான் திருதிருன்னு முழிக்குது."

"நீயுந்தான் மத்தியானத்துல இருந்து முழிக்கிற" என்கிறாள் அக்கா. வாடகை அறையின் திரைச்சீலைக்கு அடியில் நுழைந்த வெயில்கோடு, கட்டிலில் கிடக்கும் சோப்பு டப்பா அளவு ரவுட்டரைத் தொட்டு நிற்கிறது. அவள் கணவன் பயணங்களுக்கு எடுத்துப்போகும் ரவுட்டர் அது. அவனுக்குத் தெரியாமல் வீட்டை விட்டுக் கிளம்பிய அவசரத்தில், சார்ஜர் என்று நினைத்துப் பையில் திணித்துவிட்டாள். இந்த அறையில் வைஃபை இல்லாமல் சுவரோரம் ஒரு இன்டர்நெட் வயர் மட்டுமே இருந்ததால், நல்லதாய்ப் போயிற்று என்று அதையே மாட்டினார்கள்.

தம்பி மடிக்கணினியை அவள் பக்கம் திருப்புகிறான். "பேருக்கு நம்பர் தேடித் தர்ற டிஎன்எஸ்ஸை மாமா மாத்தி வச்சிருக்காருக்கா. நாம எந்தத் தளத்தோட பேரைத் தேடினாலும், இது முதல்ல உங்க வீட்டு கம்ப்யூட்டர்கிட்டதான் போய்க் கேக்குது. கேட்ட பேரெல்லாம் அதுல பதிவாயிடும். அது ஆஃப்ல இருக்குபோல, அதான் பதிலே வரல. இரு, மாத்திடுறேன்."

 நாளை போய் ஒளிந்துகொள்ள இருக்கும் பெண்கள் விடுதியின் பெயரைத்தான் அவள் திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டிருந்தாள். மின்விசிறி கடகடக்கிறது. யாரும் எதையும் தொடவில்லை. ரவுட்டரின் பச்சை விளக்கு படபடவென்று துடிக்கிறது. திரையில் விடுதியின் பக்கம், வாசல் படமும் முகவரியுமாக, மேலிருந்து மெல்லத் திறக்கிறது. அந்த வீட்டில் யாரோ கம்ப்யூட்டரைப் போட்டிருக்கிறார்கள். தம்பியின் விரல் விசைப்பலகைக்கு மேலே அப்படியே நிற்கிறது.

"வயரைப் பிடுங்குடா" என்கிறாள், குரல் வெறும் காற்றாக. "தம்பி, அந்த வயரைப் பிடுங்கிடுடா."