கைமாறிய டப்பா

மனைவி எதையோ இடித்துச் சாப்பாட்டில் கலப்பதைக் கிரேன்காரர் அன்று காலை கண்ணாலேயே பார்த்துவிட்டார். அவள் ஒருமுறை கூடத்தை எட்டிப் பார்த்துக்கொண்டாள். பொடியைத் தூவினாள், கிளறினாள், டப்பாவை அழுத்தி மூடினாள்.

"மிச்சம் வெக்காம சாப்பிடுங்க" என்று டப்பாவை நீட்டியபோது அவள் முகத்தில் அப்படி ஒரு கனிவு. குளியலறைக் கதவிடுக்கிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தவர் அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். சாப்பாட்டில் கலந்ததுதான் தினமும் தன் வயிற்றையும் கலக்கியிருக்கிறது என்று அவருக்கு இப்போதுதான் விளங்கியது.

விஷம் கிஷம் ஒன்றும் இல்லை. வைட்டமின் சி மாத்திரைதான். உயரத்தில் காற்றிலும் தூசியிலும் கிடக்கிற மனுஷனுக்குச் சளி அண்டாமல் இருக்கட்டும் என்று ஆசையாக வாங்கி வந்தாள். அவருடைய வயிறோ, பச்சைத் தண்ணீரை வேகமாகக் குடித்தாலே கோபித்துக்கொள்ளும் ரகம். முதல் மாத்திரைக்கு நெஞ்செரிச்சல், இரண்டாவதற்கு ஓட்டம். மூன்றாவதைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவளும் சரி என்றாள். அவள் சரி என்றால் வேறு வழி பார்க்கிறாள் என்று அர்த்தம். நல்லது ஒன்று தெரிந்துவிட்டால் செய்யாமல் விடமாட்டாள், நாலு பேருக்குச் சொல்லாமலும் விடமாட்டாள். நல்லதுக்குச் செய்கிறவளிடம் சண்டை போட்டு ஜெயித்த புருஷன் உலகத்தில் உண்டா?

வேறு வேலையாக இருந்தால் எப்படியோ சமாளிக்கலாம். இவருக்கோ கட்டடம் எழும்புகிற இடத்தில் கோபுரக் கிரேன். ஏணியில் ஏறிக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால், கொக்கியில் பாரம் தொங்குகிறவரை எழுந்திருக்கக் கூடாது. கீழே கொடி அசையாமல் பாரத்தை இறக்கவும் கூடாது. வேலைக்கு நடுவில் இறங்கி இறங்கி ஓடியதைப் பார்த்த சூப்பர்வைசர், இன்னொரு தடவை ஓடினால் கூண்டுக்கு வேறு ஆள் வைத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

கீழே நின்று கொடி காட்டுகிறவருக்கு அந்த இடத்தில் பெயரே கொடி. பரம சாது. குடும்பமும் பக்கத்துத் தெருதான். மத்தியானம் கிரேன்காரர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தினமும் ஒரே கைச்சமையல் அலுத்துப்போகிறது, இன்றைக்கு ஒரு மாறுதலுக்கு டப்பாவை மாற்றிக்கொண்டால் என்ன என்று மெதுவாக ஆரம்பித்தார்.

வாக்கியம் முடிவதற்குள் கொடியின் டப்பா இவர் மடிக்கு வந்துவிட்டது.

"எங்க வீட்டுல எப்பவும் அண்ணி சமையலப் பத்திதாண்ணே பேச்சு" என்றபடி, இவர் டப்பாவைத் திறந்து அள்ளி அள்ளிச் சாப்பிட்டார் கொடி.

கிரேன்காரருக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கொடி தரையில் நிற்கிறவர், ஓடினால் நாலு எட்டில் கழிப்பறை, தனக்கு அப்படியா என்று மனசாட்சியைத் தட்டித் தூங்கவைத்தார். கொடி வீட்டுச் சாப்பாடு லேசாகப் புளித்தது. அடுத்தவர் வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்லக் கூடாது என்று வழித்துச் சாப்பிட்டார்.

மேலே ஏறி இரும்புக் கம்பிக் கட்டைத் தூக்கியாயிற்று. கட்டு நடுவானத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது வயிற்றுக்குள் கடமுடா என்றது. நேற்றைய பாக்கியாக இருக்கும் என்று பல்லைக் கடித்தார். பாக்கி மாதிரித் தெரியவில்லை, வெள்ளமே வருகிற மாதிரி இருந்தது.

பாரத்தை இறக்கிவிடலாம் என்று கீழே பார்த்தார். செங்கல் அடுக்கின் மேல் கொடி மட்டும் கிடந்தது. ஆளைக் காணோம். தூரத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் ஓடுகிற முதுகு தெரிந்தது.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இவருக்கு அது மேலிருந்து தெளிவாகத் தெரிந்தது. ஹாரனை அழுத்தி அழுத்திக் கை வலித்தது. கடைசியில் சூப்பர்வைசரே திட்டிக்கொண்டு ஓடிவந்து கொடியை எடுத்து அசைத்தார். கம்பிக் கட்டு தரையைத் தொட்டதோ இல்லையோ, கிரேன்காரர் ஏணியில் பாதியை மிதித்தும் பாதியை மிதிக்காமலும் இறங்கி ஓடினார்.

இருந்தது ஒரே கழிப்பறை. உள்ளே தாழ்ப்பாள்.

தட்டினார். தண்ணீர் கொட்டுகிற சத்தம்தான் வந்தது. வேலை போனாலும் போகட்டும், மானம் போகக் கூடாது என்கிற நிலைமை. உண்மையைச் சொன்னாலாவது கதவு திறக்குமா என்று பார்த்தார்.

"தம்பி, தப்பு என்னுதுதான். என் டப்பாவுல எங்க வீட்டுக்காரி வைட்டமின் மாத்திரைய இடிச்சுக் கலந்திருந்தா. தெரிஞ்சேதான் உனக்குக் குடுத்தேன். மன்னிச்சுக் கொஞ்சம் வெளிய வந்துடு."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிறகு கொடியின் குரல், உடைந்துபோய் வந்தது.

"உங்க டப்பாவுலயுமாண்ணே?"